ரத்தம் கசியும்போது உறையாமல் இருக்க ஊசி எதற்கு?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் கம்பம் பக்கம். அம்மாவுக்கு 54 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர். ஆடி மாதம் களை வெட்டும்போது கொத்து நழுவி வலது கணுக்காலுக்கு மேலே பட்டுவிட்டது. காப்பித்தூளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு, வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். மூன்றாம் நாள் முழங்கால் வரை சிவந்து வீங்கி நடுக்கத்தோடு காய்ச்சல். நான்காம் நாள் என்னையே யார் என்று கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஐசியூவில் வைத்தார்கள். ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் கசிந்தது, ஈறிலும் ரத்தம். அதே சமயம் கால்விரல் நுனிகள் கருத்துக்கொண்டே வந்தன. பிளேட்லெட் 38,000க்கு இறங்கியது. கெஞ்சியும் பிளேட்லெட் ஏற்றவில்லை, பப்பாளி இலைச் சாறும் கொடுக்க விடவில்லை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க என்று வயிற்றில் ஊசி போட்டார்கள். அம்மா பிழைத்துவிட்டார். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. "ரத்தம் ஒழுகுற ஆளுக்கு ரத்தத்தத் தண்ணியாக்குற ஊசியப் போட்டுத்தான் விரலக் கெடுத்துட்டாங்க, கேஸப் போடு" என்கிறார் மாமா. சின்னம்மா, இனிமேல் தினமும் பச்சைப் பூண்டும் இதய மாத்திரையும் கொடுத்தால் ரத்தம் கட்டாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அம்மா மறுபடி மலைக்கு வேலைக்குப் போகலாமா? டிஸ்சார்ஜ் சம்மரியும் அவசரப் பிரிவுச் சீட்டின் நகலும் இணைத்திருக்கிறேன்.

ஒரு மகள், கம்பம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

மாமாவின் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். ரத்தம் கசிகிற ஆளுக்கு உறையவிடாத ஊசி என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வார்டுக்குப் புதிதாக வரும் மருத்துவ மாணவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். நீங்கள் அனுப்பிய காகிதங்களில் பதில் தேதிவாரியாகக் கிடக்கிறது.

அம்மாவைச் சேர்த்த இரவில் எழுதிய அவசரப் பிரிவுச் சீட்டைப் பாருங்கள். ரத்த அழுத்தம் 80/50, நாடித்துடிப்பு 128, பிளேட்லெட் 62,000, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.9. அதற்குக் கீழே பணியிலிருந்த டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய ஒரு வரி: இரண்டு காலிலும் விரல் நுனிகள் நீலம், தொட்டால் சில்லிட்டிருக்கின்றன. வயிற்றில் போட்ட ஊசியோ மறுநாள் மாலைதான் தொடங்கியிருக்கிறது. ஆக, பிளேட்லெட் இறங்கியதும் விரலுக்கு ரத்தம் போவது குறைந்ததும் ஊசிக்கு முந்திய கதை.

மாமா இன்னும் விடாமல், அந்த ஊசியே பிளேட்லெட்டைக் குறைக்கும் என்று எங்காவது படித்திருந்தால் அதற்கும் பதில் இருக்கிறது. அம்மாவுக்குப் போட்டது போன்ற ஹெப்பாரின் வகை ஊசிகளுக்கு அப்படியொரு பக்கவிளைவு உண்மையாகவே உண்டு. பிளேட்லெட்டும் குறையும், கூடவே ரத்தக் கட்டியும் உண்டாகும். அபூர்வம், ஆனால் வந்தால் பொல்லாதது. பெரும்பாலும் ஊசி தொடங்கிய 5 முதல் 10 நாட்களுக்குள் தலைகாட்டும். அம்மாவின் கணக்கு அந்த நாட்களில் ஏறிக்கொண்டிருந்தது: ஐந்தாம் நாள் 54,000, எட்டாம் நாள் 1,40,000. அந்தச் சந்தேகமும் நிற்காது.

பிறகு விரலைக் கெடுத்தது எது? கிருமியை மறிக்க அம்மாவின் உடம்பே போட்ட தடுப்பு, அளவு மீறிப்போனதுதான்.

ஆற்றங்கரையில் ஓரிடத்தில் உடைப்பு என்றால் மணல் மூட்டை அடுக்கி அடைப்போம். ஊரெங்கும் ஒரே ராத்திரியில் உடைப்பு என்று கூச்சல் கிளம்பி, ஆளாளுக்கு ஓடி ஒவ்வொரு வாய்க்காலிலும் மூட்டையைத் தள்ளினால் என்ன ஆகும்? தண்ணீர் போகாமல் கடைமடை காயும். நிஜமாகக் கரை உடையும் இடத்தில் போட மூட்டை மிஞ்சாது. பெரியாற்றுத் தண்ணீரில் நெல் நடுகிற ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. காய்ந்த கடைமடை அம்மாவின் கால்விரல், மூட்டை கிடைக்காத கரை ஊசி குத்திய இடமும் ஈறும். உறைவதும் கசிவதும் உங்களுக்கு எதிரும் புதிருமாகத் தெரிந்தன, உள்ளே இரண்டும் ஒரே கோளாறு.

கிருமி வந்தால் உடம்பு ஏன் ரத்தத்தை உறைய வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலரும் ரத்தம் உறைவது ஒரு இலாகா, நோய் எதிர்ப்பு இன்னொரு இலாகா என்று நினைத்திருக்கிறோம். பாடப் புத்தகங்களிலும் வெகுகாலம் தனித்தனி அதிகாரங்களாகத்தான் இருந்தன.

ரத்தக் குழாய்க்கு வெளியே, தோலிலும் குழாயைச் சுற்றியுள்ள திசுவிலும், திசுக் காரணி என்றொரு புரதம் எப்போதும் தயாராக இருக்கிறது. குழாய் கிழிந்து ரத்தம் அதன்மேல் பட்டதும் உறைதல் தொடங்கும். அம்மாவின் காலில் கொத்து பட்டபோது ரத்தத்தை நிறுத்தியது இதுதான், பாராட்டு காப்பித்தூளுக்குப் போய்விட்டது. ரத்தத்தில் சுற்றி வரும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் சாதாரண நாளில் இந்தத் திசுக் காரணியை வெளியே காட்டுவதில்லை. கிருமியின் சுவடு தட்டுப்பட்டதும் அதைத் தயாரித்துத் தங்கள் மேற்பரப்பில் விரித்துவிடும். குழாய் கிழியாமலே அந்த இடத்தில் ரத்தம் உறையத் தொடங்கும்.

அடுத்து த்ராம்பின் என்ற நொதி உண்டாகிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை அது நூலாக்கும். அந்த நூல்கள்தான் ஃபைப்ரின் வலை. கிருமிகள் வலைக்குள் மாட்டி நிற்க, வெள்ளணுக்கள் அதே நூலைப் பற்றிக்கொண்டு வந்து விழுங்கும். த்ராம்பினுக்கு வேறு வேலையும் உண்டு: பிளேட்லெட்டைத் தூண்டும், குழாயின் உட்சுவரைத் தூண்டி இன்னும் வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும். பிளேட்லெட்டும் சும்மா ஓட்டை அடைக்கிற சாமான் இல்லை. கிருமியைப் பிடித்து வைக்கும், கிருமியைக் கொல்லும் சின்னச் சின்னப் புரதங்களையும் கக்கும். பிறகு நியூட்ரோஃபில். இந்த வெள்ளணு தன் டிஎன்ஏவையே வெளியே வலையாக வீசிக் கிருமியைச் சிக்க வைக்கிறது என்று 2004இல் பெர்லினில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த டிஎன்ஏ வலை உறைதலையும் முடுக்கிவிடுகிறது என்பது அதற்குப் பின்வந்த வருடங்களில் தெரிந்தது. 2013இல் மியூனிக் ஆய்வாளர்கள் இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் இம்யூனோத்ராம்போசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஃபைப்ரினோஜனில் வெள்ளணு பற்றிக்கொள்ளும் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றி வளர்த்த எலிகளுக்கு ரத்தம் சரியாக உறைந்தது, ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை ஒழிக்க முடியாமல் திணறின. உறைதலும் எதிர்ப்பும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு என் வரையில் அதுவே போதுமான சாட்சி.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது தெரியுமா? ஒடிசா, வங்காளக் கடற்கரைகளில் குதிரைலாட நண்டு என்று ஒன்று உண்டு. பெயர்தான் நண்டு, உறவுமுறையில் சிலந்திக்கும் தேளுக்கும் பக்கம். அதன் அமெரிக்க வகையை வைத்து உட்ஸ் ஹோல் கடலாய்வுக் கூடத்தில் ஃபிரெடெரிக் பாங் ஒரு சோதனை செய்தார். சில கிருமிகளை ஏற்றியதும் அதன் ரத்தம் உடம்புக்குள்ளேயே உறைந்து அது செத்துப்போனது. 1956இல் அதை வெளியிட்டார். பிறகு ஜாக் லெவினும் அவரும் சேர்ந்து, கிருமியின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சே அதற்குப் போதும் என்று கண்டார்கள். அந்த உயிரியிடம் ரத்தத்தை உறைய வைப்பதும் கிருமியை எதிர்ப்பதும் ஒரே வகை அணுவின் வேலை. நம் உடம்பில் வேலையைப் பிரித்துக்கொண்டாலும் உறவு அறுபடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஊசி மருந்துகளிலும் குளுக்கோஸ் பாட்டிலிலும் எண்டோடாக்சின் இல்லை என்று உறுதிசெய்ய, அந்த ரத்தத்திலிருந்து எடுத்த கரைசலைத்தான் உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். இப்போது அதற்கு மாற்றாக ஆய்வகத்தில் செய்த புரதமும் வந்திருக்கிறது.

கிருமிகளும் இந்த வேலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அம்மாவின் ரத்தக் கல்ச்சரில் வளர்ந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். இது ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றொரு பொருளைச் சுரக்கிறது. நம் ரத்தத்திலேயே ஃபைப்ரினைக் கரைக்க வைத்திருக்கும் பிளாஸ்மினோஜனை அது உசுப்பிவிடும். நம் கத்தரியை எடுத்தே நம் வலையை அறுத்துக்கொண்டு கிருமி வெளியே பரவும். உங்கள் அம்மாவின் காலில் சிவப்பு மூன்றே நாளில் முழங்காலுக்கு ஏறியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். 1933இல் கண்டறிந்த இதே பொருளைத்தான் பிறகு மாரடைப்புக்கு மருந்தாக்கினார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் நெஞ்சு வலியோடு வந்த எத்தனையோ பேருக்கு, இதயக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைத்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இதற்கு நேர்மாறு. கோயாகுலேஸ் என்ற பொருளைச் சுரந்து தன்னைச் சுற்றி ரத்தத்தை உறைய வைத்து, அதற்குள் வெள்ளணுவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். ஆய்வகத்தில் அந்தக் கிருமியை அடையாளம் காண்பதே அப்படித்தான். முயல் ரத்தத்தின் பிளாஸ்மாவில் கிருமியைக் கலந்து வைப்பார்கள். சில மணி நேரத்தில் குழாயைச் சாய்த்தால் பிளாஸ்மா ஓடாமல் கட்டியாக நிற்கும். ஒரு கிருமி வலையை அறுக்கிறது, இன்னொன்று வலையைப் போர்வையாக்கிக்கொள்கிறது. நம் ஊர்ச் சீழ்க்கட்டி, கொப்புளம், தோலும் அதன் அடிச்சதையும் சிவந்து வீங்கும் செல்லுலைட்டிஸ் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

இதெல்லாம் காலில் மட்டும் நடந்திருந்தால் சிவந்து, வீங்கி, சீழ் வைத்து, மருந்தில் ஆறியிருக்கும். கிருமியும் அதன் நச்சும் ரத்தத்தில் கலந்ததும் ஒரே நேரத்தில் உடம்பு முழுக்க மோனோசைட்டுகள் திசுக் காரணியை விரிக்கின்றன. இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போட உடம்பிலேயே ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி என்று புரதங்கள் உண்டு. கிருமித் தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு எல்லை மீறி உறுப்புகளையே கெடுக்கும் செப்சிஸில் அவை செலவாகித் தீர்ந்துபோகும், புதிதாகச் செய்ய வேண்டிய ஈரலும் தளர்ந்திருக்கும். போதாததற்கு, உறைந்ததைக் கரைக்கும் வேலையையும் உடம்பு தற்காலிகமாகப் பூட்டிவிடும். பொடிப்பொடிக் கட்டிகள் நுண்ணிய குழாய்களில் தங்கும். சிறுநீரகத்தில் தங்கினால் சிறுநீர் குறையும், நுரையீரலில் தங்கினால் மூச்சு வாங்கும். இதைத்தான் சம்மரியில் டிஐசி என்று மூன்றெழுத்தில் போட்டிருக்கிறார்கள். பிளேட்லெட், ஐஎன்ஆர், ஃபைப்ரின் வலை கரையும்போது ரத்தத்தில் சேரும் டி-டைமர், ஃபைப்ரினோஜன் நான்கையும் சேர்த்து மதிப்பெண் போட்டுச் சொல்வது அது.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு எண் உங்களைக் குழப்பியிருக்கலாம். ஃபைப்ரினோஜன் 310, இயல்பு 200 முதல் 400, பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கிறது. உறையும் பொருளெல்லாம் தீர்ந்துவிட்டது என்கிறீர்களே, இது மட்டும் எப்படி நிறைவாக இருக்கிறது? காய்ச்சல் வந்தால் ஈரல் ஃபைப்ரினோஜனை அதிகமாக்கும். இத்தனை கடும் தொற்றில் 600, 700 என்று இருக்க வேண்டியது 310இல் நிற்கிறது என்றால், செய்யச் செய்யச் செலவாகிறது என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். என்று ஒன்று எடுப்பார்களே, தொற்று இருந்தால் அது ஏறுவதற்கும் முக்கியக் காரணம் இந்த ஃபைப்ரினோஜன்தான். சிவப்பணுக்களை நாணயம் அடுக்கினாற்போல ஒட்ட வைத்துச் சீக்கிரம் அடியில் இறங்கச் செய்கிறது. லேப் ரிப்போர்ட்டை நோயாளியோடு சேர்த்துப் படிக்காவிட்டால் 'நார்மல்' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடும்.

இனி பிளேட்லெட். டெங்கு வந்த பிறகு நம் பக்கத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையைத் தங்கம் விலை மாதிரி தினமும் விசாரிக்கிறார்கள். ரத்தம் கசியாத ஆளுக்குப் பொதுவாக 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவோம். கசியும் ஆபத்து அதிகம் என்றால் 20,000. பெரிதாக ரத்தப்போக்கு இருந்தாலோ அறுவை சிகிச்சைக்குப் போகிறவராக இருந்தாலோ 50,000க்கு மேல் வைக்கப் பார்ப்போம். அம்மாவுக்கு 38,000. கசிவு, பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கிற கசிவு. ஏற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தது சரியான முடிவு, நானாக இருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன். உறைதல் அடங்காத நேரத்தில் ஏற்றும் பிளேட்லெட்டும் அதே கட்டிகளுக்குள் போய்த் தீரும். பப்பாளி இலைச் சாற்றை டெங்குவுக்குக் கொடுப்பதைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. பாக்டீரியா செப்சிஸில், நினைவு தப்பிக் கிடக்கிறவருக்கு அதை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய் நிமோனியா வரும். தடுத்த நர்ஸுக்கு நன்றி சொல்லுங்கள்.

உண்மையில் டிஐசிக்கு வைத்தியம் என்றால் அது கிருமியை ஒழிப்பதுதான். சம்மரியில் பென்சிலினும் கிளிண்டமைசினும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது கிருமியைக் கொல்லும், இரண்டாவது அது நச்சுப் புரதங்கள் செய்வதை நிறுத்தும். காலைக் கீறிச் சீழையும் அழுகிய சதையையும் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பிளேட்லெட் ஏறத் தொடங்கியிருக்கிறது. தேதியை ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் வயிற்றில் போட்ட ஊசி எதற்கு? அது எனாக்சாபரின், நாளுக்கு ஒரு முறை 40 மில்லிகிராம். மாரடைப்புக்கோ நுரையீரல் ரத்தக் கட்டிக்கோ கொடுப்பதென்றால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு முறை, அதாவது 60 கிலோ ஆளுக்கு 120. அம்மாவுக்குப் போட்டது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஐசியூவில் அசையாமல் கிடப்பவர்களுக்குத் தொடைச் சிரையில் பெரிய கட்டி உண்டாகி, பெயர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. செப்சிஸில் அது இன்னும் அதிகம். அதைத் தடுக்கத்தான் இந்தச் சின்ன அளவு. 38,000 ஆன அன்று ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 54,000 ஆனதும் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

உறைதல்தான் வில்லன் என்றால் பெரிய அளவில் மருந்து கொடுத்து அடியோடு நிறுத்திவிடலாமே என்று தோன்றும். மருத்துவ உலகமும் அப்படி நினைத்துக் கையைச் சுட்டுக்கொண்டது. நான் சொன்னேனே புரோட்டீன் சி, அதைச் செயல்படும் வடிவில் மருந்தாகவே செய்தார்கள். 2001இல் அமெரிக்காவில் கடுமையான செப்சிஸுக்கு அனுமதி கிடைத்தது. யானை விலை. பத்து வருடம் கழித்து மறுபடி பெரிய ஆய்வு நடத்தியபோது அந்த மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகம் பிழைக்கவில்லை. 2011 அக்டோபரில் தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஆன்டித்ராம்பினை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வும் அப்படித்தான் முடிந்தது. கூடுதலாக யாரும் பிழைக்கவில்லை, ரத்தப்போக்குதான் கூடியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: உறைகிற ரத்தம் பாதி நேரம் நமக்காகத்தான் வேலை செய்கிறது. அதை முற்றிலும் பிடுங்கிவிட்டால் கிருமிக்கு வேலியில்லை. ஆகவே ஐசியூ டாக்டர்கள் இந்த இடத்தில் பெரிய வீரம் காட்டாமல், கிருமியை அடித்துக்கொண்டு, பிபியைத் தாங்கிக்கொண்டு, சின்ன ஊசியோடு காத்திருக்கிறார்கள்.

பிபியைத் தாங்குவது என்றேன். அதில்தான் விரலின் மிச்சக் கதை இருக்கிறது. 80/50இல் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாது. நாரட்ரினலின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துவார்கள். ஏற்கெனவே பொடிக் கட்டி அடைத்திருக்கும் விரல் நுனியில் குழாய் இன்னும் சுருங்கும். எட்டு வருடச் சர்க்கரையால் அங்கே ஓட்டம் முன்பே மட்டம். மருந்தை நிறுத்தினால் உயிர் போகும், நிறுத்தாவிட்டால் விரல் போகலாம். அந்தத் தராசை நடு ராத்திரியில் கையில் பிடித்திருக்கிறவர் பக்கம் நின்று பாருங்கள் என்று மாமாவிடம் சொல்லுங்கள். கருத்ததும் உடனே வெட்டாமல் ஆறு வாரம் பொறுத்ததும் நல்லதுக்குத்தான். செத்த இடமும் உயிருள்ள இடமும் பிரிகிற கோடு தெளிவாகத் தெரிய அத்தனை நாள் ஆகும். முதல் வாரமே அறுத்திருந்தால் பாதத்தில் பாதி போயிருக்கும். ஐந்து விரலும் கருத்திருந்ததில் மூன்று மீண்டிருக்கின்றன.

வழக்கு உங்கள் உரிமை, நான் குறுக்கே நிற்கவில்லை. முதலில் முழு சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதியில் இருக்கிறது. அதை வேறொரு பொதுமருத்துவரிடம் காட்டுங்கள். என் கைக்கு வந்த இரண்டு காகிதங்களை வைத்துச் சொன்னால், இதில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

சின்னம்மாவுக்கு: ரசத்தில் தட்டிப்போடும் பூண்டுக்கு என் ஆட்சேபணை கிடையாது. பச்சைப் பூண்டை மருந்தாக நினைத்துத் தினம் விழுங்குவதால் அம்மாவுக்கு நடந்ததைத் தடுக்க முடியாது, நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். இதய மாத்திரை என்று அவர் சொல்வது ஆஸ்பிரினாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். அம்மாவுக்கு அது தேவையா என்பதைச் சர்க்கரை, பிபி, கொழுப்பு, இசிஜி எல்லாம் பார்த்து அவருடைய டாக்டர் சொல்லட்டும். கடும் செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்கு அடுத்த ஒரு வருடம் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். டி-டைமர் இன்னும் சில வாரம் அதிகமாகவே காட்டலாம், அதற்காகப் பயந்து வாரா வாரம் காசைக் கொட்டாதீர்கள்.

மலை வேலை. இப்போது வேண்டாம். புண் முழுக்க ஆறி, சர்க்கரை ஒழுங்குக்கு வந்து, விரல் இல்லாத காலுக்கு ஏற்ற செருப்பு தைத்துக்கொண்ட பிறகு, களை வெட்டு தவிர்த்து உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தால் போகலாம். ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துக்குள் இறங்கினால் முழங்கால் வரை பூட்ஸ் கட்டாயம். உணர்ச்சி மரத்த காலில் அட்டை கடித்ததும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. ஆகவே வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் புண்ணுக்குள் போகக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

சிவப்பு தென்பட்டால் அதன் ஓரத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் தோலிலேயே வரைந்து, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்காதீர்கள். நடுக்கம், வேகமான மூச்சு, பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேரே அவசரப் பிரிவு. பிபி இறங்கிய செப்சிஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகளாவிய விதி. கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் இறங்குவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். எந்தப் பக்கம் பக்கமோ அந்தப் பக்கம் போங்கள். கேரளத்துப் பக்கம் அருகில் இருந்தால் அங்கேயே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு இறங்கலாம். ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று முதல் மணி நேரத்தில் யோசிக்க வேண்டாம்.

உங்கள் அம்மாவோடு ஜீப்பில் போகிற மற்றப் பெண்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் மலையிலிருந்து காய்ச்சலோடு வந்து பிளேட்லெட் குறைந்தால் உடனே டெங்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைபஸும் பாக்டீரியாவால் வருபவை. இரண்டிலும் பிளேட்லெட் இறங்கும், இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்து கேட்கும். தோட்டத்தில் வேலை பார்க்கிறேன் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, மார்புக்கடி போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருந்தால், வெட்கப்படாமல் பெண் நர்ஸிடமாவது காட்ட வேண்டும். ஸ்க்ரப் டைபஸின் முத்திரை அது. சேறு தண்ணீரில் இறங்கி வேலை பார்ப்பவர்களுக்குக் கேரளச் சுகாதாரத் துறை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறது, எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க. தோட்டத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை சம்மரியில் எங்கும் காணோம். அதை எடுத்து, புண் இருக்கும் இடத்தின் புகைப்படத்தோடு அனுப்புங்கள். செருப்பு விஷயத்தை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.